கரட்டில் இல்லாத பதினோரு பக்கம்

ஈஸ்வரமூர்த்தி பிள்ளை தன் ஆயுளில் ஒரே ஒரு நாவல் எழுதினார். எழுதி முடிக்க ஆறு மாதம். அதற்குத் திட்டம் போட ஐந்து வருஷம். சிரிக்க வேண்டாம், அவர் தொழில் அப்படி.

பூவங்குளத்திலிருந்து ஒன்றரை மைல் நடந்தால் ரிஜிஸ்தர் கச்சேரி. கச்சேரி வாசலுக்கு எதிரே ஓலை வேய்ந்த ஒரு சார்ப்பில், சாய்வுப் பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து அவர் ஆதாரம் எழுதினார். மற்ற சீமைக்காரர்கள் பத்திரம் என்று சொல்வதைத்தான் திருவிதாங்கூர்க்காரர்கள் ஆதாரம் என்பார்கள். வயல், தோப்பு, வீடு, கிணற்றில் பாதி, பலாமரத்தில் கால் பங்கு, எது கைமாறினாலும் ஓர் ஆதாரம் வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சார்ப்பில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது. ஒரு சொல்லை அடித்துவிட்டால், இன்ன வரியில் இன்ன சொல்லை அடித்தது சம்மதம் என்று கீழே தனியாக ஒரு வரி எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். அந்த மானக்கேடு தனக்கு நான்கே தடவைதான் வந்தது என்று பிள்ளை பெருமையாகச் சொல்லுவார்.

அடிக்காமல் எழுதுவது எப்படி? அதற்குத்தான் கரடு. முத்திரைத்தாளைத் தொடுவதற்கு முன் சாதாத் தாளில் முழு ஆதாரத்தையும் எழுதிப் பார்ப்பார்கள். அதுதான் கரடு. அதைக் கட்சிக்காரர்களுக்கு வாசித்துக் காட்டி, "செரிதானா?" என்று கேட்டு, அவர்கள் தலையாட்டிய பிறகே அசல். கரடு காட்டிச் சம்மதம் வாங்கியபின் அசலில் ஒரு வரியை மாற்றுகிறவனை அந்தத் தொழிலில் எழுத்துக்காரன் என்று சொல்ல மாட்டார்கள். கள்ளன் என்பார்கள். பிள்ளை தொழில் கற்ற முதல் நாள் கேட்ட முதல் பேச்சு இது. அதற்குப் பிறகு கேட்டதையெல்லாம் அவர் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு நாவல் ஆசை வந்தது 1947இல். ஊர் வாசகசாலைக்கு மதராஸிலிருந்து வரும் பத்திரிகைகளில் ஒரு தொடர்கதையைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் செத்துப்போன மாமனார் ஒன்பதாம் வாரம் கல்யாணப் பந்தலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "கரடு இல்லாம எழுதினா இப்பிடித்தான், செத்தவன் எந்திரிச்சு வருவான்" என்று வாசகசாலையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். யாரோ ஒருவன், "அப்பம் நீரு எழுதிக் காட்டும் வே" என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. ஆவுடையம்மை என்று ஒரு விதவை. பிள்ளை குட்டி கிடையாது. கணவன் அவள் பேருக்கு எழுதிவைத்த வயலைக் கொழுந்தன் கேட்கிறான். அவள் படாத பாடெல்லாம் பட்டு, கடைசியில் குடும்பம் ஒற்றுமையாக இருக்கட்டும் என்று வயலை எழுதிக்கொடுத்துவிட்டுக் கோயில் வாசலுக்குப் போய்ச்சேருகிறாள். பார்த்துப் பார்த்துப் புளித்த சங்கதிதான், கச்சேரி வாசலில் மாதம் ஒன்று நடக்கும். ஆனால் அதற்கு அவர் போட்ட கரடு இருக்கிறதே, நான்கு நோட்டுப் புத்தகம்! இருபத்து நாலு அத்தியாயம். ஒவ்வொரு ஆளுக்கும் தகப்பன் பேர், வீட்டுப் பேர், வயது, அங்க மச்சம். ஒரே ஒரு தடவை மோர் கேட்டுவிட்டுப் போகிற வழிப்போக்கனுக்குக்கூட இடது கணுக்காலில் ஒரு தழும்பு இருந்தது.

மனைவி பகவதியம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் வருஷம் கேட்டேவிட்டாள்.

"இஞ்ச பாருங்கோ, அஞ்சு வருஷம் ஆகப்போகு, வேலி மட்டும் கெட்டிக்கிட்டே இருக்கியோ. வெள்ளாமை எப்பம்?"

"சும்மா கெடட்டி. ஒனக்கு என்ன தெரியும்?"

அவளுக்குத் தெரிந்ததுதான் அவருக்கும் தெரிந்திருந்தது. கரட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் ஒவ்வொரு வரியும் சரியாக வந்தது, ஆனால் செத்து வந்தது. கரட்டை மூடிவைத்துவிட்டு எழுதப் போனால் கை ஓடவில்லை. 'ஆவுடையம்மை வாசலில் நின்றாள்' என்று எழுதுவார். எந்த வாசல், கிழக்கு வாசலா தெற்கு வாசலா? உடனே நோட்டைப் புரட்டுவார். ஒருதரம் இரண்டாம் அத்தியாயத்தில், அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது, ஓர் ஆடு வந்து ஆவுடையம்மையின் முந்தானையைக் கடித்தது. அவள் சிரித்தாள். ஈஸ்வரமூர்த்தி பிள்ளையும் சிரித்துவிட்டார். பிறகு கரட்டைப் பார்த்தார். கரட்டில் ஆடு இல்லை. ஆட்டை எடுத்தார், அதோடு அந்தச் சிரிப்பும் போயிற்று.

1952 ஆவணியில் நாவல் வெளிவர ஆரம்பித்தது. வடசேரியில் சின்ன அச்சுக்கூடம் வைத்திருந்த ஞானசிங், சனிக்கிழமை தோறும் எட்டுப் பக்கத்தில் ஒரு வாரப்பத்திரிகை போட்டுக்கொண்டிருந்தார். புதன்கிழமை அத்தியாயம் கையில் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளை ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஆனாலும் ஞானசிங்குக்குத் திருப்தி இல்லை.

"கொள்ளாம் பிள்ளை, குத்தம் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா கச்சேரிக்குள்ள இருக்க மாதிரியே இருக்கு வே. ஒரு இடத்துலயாவது அந்தப் பொம்பள உமக்கிட்ட கேக்காம ஏதாவது செய்யட்டும்."

"எனக்கிட்ட கேக்காம அவ எப்பிடி வே செய்வா? நானில்லா எழுதுகேன்!"

ஞானசிங் தாளை எடுத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்குள் போனார். வார அச்சுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

வினை ஒன்பதாம் அத்தியாயத்தில் வந்தது. அதில் ஆவுடையம்மையின் வயல் முதல்தடவையாக வருகிறது. வயல் என்றால் நாலு எல்லை வேண்டும். எல்லை இல்லாத வயலை இருபத்திரண்டு வருஷம் ஆதாரம் எழுதிய கைக்கு எழுத வராது. அவர் கரட்டிலேயே அதை எழுதிவைத்திருந்தார். கிழக்கே குளத்து ஓடை, தெற்கே அம்மன் கோயில் நந்தவனம், மேற்கே ஆனைப்பாறை, வடக்கே ஒற்றைப் புன்னை நிற்கிற வரப்பு. நன்றாகத்தான் இருந்தது. தானாகக் கற்பனையில் வந்தது என்றே நினைத்திருந்தார், பாவம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலையில் ஒருவன் உரக்க வாசித்தான். ஆனைப்பாறை என்று வந்ததும் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். ஒற்றைப் புன்னை வந்ததும், "ஏலே, நிறுத்து! இது நம்ம பிச்சம்மாளுக்க வயலுல்லா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு மனுஷன் முகம் மறந்தாலும் வயல் எல்லை மறக்காது. வெளியே தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கதை கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் பிச்சம்மாளும் இருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிச்சம்மாள் கதையைச் சொல்ல வேண்டும், அது நீளமில்லை. புருஷன் செத்து நான்கு வருஷம். குழந்தை இல்லை. சாவதற்கு முன்னால் புருஷன் அவள் பேருக்கு ஒரு வயலை எழுதிவைத்திருந்தான். பன்னிரண்டு மரக்கால் விதை விதைக்கிற வயல். அந்த ஆதாரத்தை எழுதியதே ஈஸ்வரமூர்த்தி பிள்ளைதான். அந்த நாலு எல்லையும் அவர் மண்டைக்குள் எங்கேயோ கிடந்து, ஏழு வருஷம் கழித்துக் கற்பனை என்ற பேரில் வெளியே வந்திருக்கிறது. இப்போது அவளுடைய கொழுந்தன் நீலகண்ட பிள்ளை அந்த வயலைக் கேட்டுக்கொண்டிருந்தான். வாரிசு இல்லாதவளுக்கு வயல் எதற்கு, எழுதிக்கொடுத்தால் சாகிற வரைக்கும் சோறு போடுகிறேன் என்பது அவன் பேச்சு. மாசியில் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக அறுப்பு, அதற்கு முன்னால் ஆதாரம் முடிந்துவிட்டால் அந்த அறுப்பே அவன் களத்துக்கு வந்துவிடும். ஊரும் அவன் சொல்வதில் நியாயம் உண்டு என்றுதான் சொன்னது. பிச்சம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு வாழ்க்கை என்று இருந்தது அந்த வயல் ஒன்றுதான்.

ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு ஆவுடையம்மையை ஊரில் யாரும் ஆவுடையம்மை என்று சொல்லவில்லை. "இந்த வாரம் பிச்சம்மா என்ன செய்தா?" என்றுதான் கேட்டார்கள். ஞானசிங்கின் பத்திரிகை பூவங்குளத்தில் மட்டும் முப்பது பிரதி கூட விற்றது. தை மாதம் பிறந்ததும் நீலகண்ட பிள்ளை சார்ப்புக்கு வந்து நின்றான். முகம் சிவந்து கிடந்தது.

"என்ன வே, எங்க குடும்பக் காரியத்தை ஊரு பூரா நாறடிக்கதுக்கு நீரு யாரு?"

"அது கதை வே."

"கதையா? ஆனைப்பாறை கதையிலயா வே கெடக்கு? நேத்து அதுக்க மேல இருந்துதான் நான் வெத்தில போட்டேன்!"

ஈஸ்வரமூர்த்தி பிள்ளைக்கு வெப்ராளம் வந்துவிட்டது, பதறிப்போனார். சுற்றிலும் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியைத் திறந்தார். நான்காவது நோட்டை எடுத்து, கடைசி அத்தியாயத்தின் கரட்டைப் பிரித்து அவன் முன்னால் வைத்தார். 'ஆவுடையம்மை கச்சேரிக்கு வந்து, சுய சம்மதத்துடன் வயலைக் கொழுந்தன் பேருக்கு எழுதிக்கொடுத்துக் கைநாட்டு வைக்கிறாள்.'

நீலகண்ட பிள்ளை இரண்டு தடவை வாசித்தான். முகம் தெளிந்தது.

"அப்பம் இதுதான் முடிவா?"

"இதுதான்."

"மாறாதே?"

"கரடு காட்டினப்பொறவு மாத்துக வழக்கம் எனக்குக் கெடையாது."

"செரி. அப்பம் அசல் ஆதாரத்தையும் நீரே எழுதிரும். வாற மாசி முதல் திங்களாச்ச."

இதற்குப் பேர் கோழைத்தனம். பிள்ளை தனக்குத்தானே தொழில் சுத்தம் என்று சொல்லிக்கொண்டார். நீலகண்ட பிள்ளை சும்மா இருப்பானா? "முடிவு எழுதியாச்சு, நான் என் கண்ணால பாத்தேன், அவ எழுதிக் குடுக்கா" என்று குளத்தங்கரையிலும் கோயில் நடையிலும் சொல்லிக்கொண்டு திரிந்தான். நாலே நாளில் ஊருக்கு அது நடந்து முடிந்த காரியம் ஆகிவிட்டது.

அடுத்த வாரம் பிச்சம்மாள் வந்தாள். சார்ப்பில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள்.

"அண்ணாச்சி, நான் எழுதிக் குடுப்பேன்னு நீங்கோ எழுதி வச்சிருக்கியோளாமே, உள்ளதா?"

"நீயில்ல பிச்சம்மா. ஆவுடையம்மை. அது வேற ஆளு."

"வேற ஆளுக்கு என் வரப்பை எதுக்குக் குடுத்தியோ?"

பிள்ளை கொஞ்ச நேரம் பேனாவைத் துடைத்தார். "வேற எல்லை எனக்கு வரல்ல" என்றார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் பேசிய நிஜம்.

"செரி. அவ எதுக்கு எழுதிக் குடுக்கா?"

"அவ நல்லவ. குடும்பம் ஒத்துமையா இருக்கணும்னு நெனைக்கா."

பிச்சம்மாள் யோசித்தாள். பிறகு கேட்டாள். "அவ நல்லவ இல்லன்னு வச்சுக்கிடுங்கோ. அப்பம் என்ன செய்வா?"

"கரட்டுல அது இல்லையே, பிச்சம்மா."

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "இல்லைன்னா செரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனவள் கேள்வியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அது பிள்ளையோடு வீட்டுக்கு வந்தது, சாப்பிட உட்கார்ந்தால் கூட உட்கார்ந்தது. இருபத்து மூன்று அத்தியாயம் அச்சாகிவிட்டது. கடைசி அத்தியாயத்தைப் புதன்கிழமை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை அது வெளிவரும். அதற்கடுத்த திங்கள்கிழமை பிச்சம்மாள் கச்சேரிக்கு வர வேண்டிய நாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ரிஜிஸ்திராருக்குக் காய்ச்சல் என்று கச்சேரி பூட்டிக்கிடந்தது. பிள்ளை வீட்டிலேயே காலையில் எழுத உட்கார்ந்தார். வலது பக்கம் கரடு விரித்துக் கிடந்தது. 'ஆவுடையம்மை கச்சேரிப் படி ஏறினாள்' என்று எழுதினார். கரட்டில் உள்ளபடிதான். அடுத்த வரியைக் கை எழுதிவிட்டது. 'படி ஏறும்போது அவளுக்குப் பசித்தது.'

இது கரட்டில் இல்லை. அடிக்கப் பேனாவைத் தூக்கினார். ஆனால் ஏன் பசித்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அன்றைக்குக் காலையில் கொழுந்தன் வீட்டில் அவளுக்கு இலை போட்டார்கள். சாகிற வரைக்கும் சோறு போடுகிறேன் என்றவன், முதல் சோறு போட்டான். அவளுக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. என் வயல் நெல்லை என் பானையில் பொங்கித் தின்றவள் நான், இனி இந்த இலைக்கு முன்னால் தினமும் யாராவது கூப்பிட்ட பிறகுதானே உட்கார வேண்டும் என்று அவள் நினைத்தாள். பிள்ளை எழுதவில்லை, அவள்தான் நினைத்தாள். அவர் கை பின்னாலேயே ஓடியது. கிழக்கு வாசலா தெற்கு வாசலா என்று அவர் பார்க்கவில்லை. யாருக்கு எத்தனை வயது என்றும் பார்க்கவில்லை. பகவதியம்மாள் கொண்டுவந்து வைத்த கஞ்சி ஆறி ஆடை கட்டியது. பதினோராம் பக்கத்தில் ஆவுடையம்மை முத்திரைத்தாளை நாலாக மடித்துக் கொழுந்தன் கையில் திருப்பிக் கொடுத்தாள். படி இறங்கினாள். பசியோடு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளை அந்தப் பதினோரு பக்கத்தையும் வாய்விட்டு வாசித்தார். ஓர் அடித்தல் இல்லை. அவருக்கு அழுகை வந்தது. சந்தோஷம் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவருக்குத் தான் எழுதத் தெரிந்தவன் என்று தோன்றியது. அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்த பகவதியம்மாள், "என்ன, ஆவுடையம்மை செத்துட்டாளா?" என்று கேட்டாள். "இல்லட்டி, பொழச்சுக்கிட்டா" என்றார்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது. பிறகு பயம் வந்தது. நீலகண்ட பிள்ளைக்குக் கரடு காட்டியாயிற்று. அவன் சம்மதித்துவிட்டான். மாறாதே என்று கேட்டான், மாறாது என்று சொல்லியாயிற்று. இப்போது மாற்றி எழுதினால் அவர் யார்? நாளைக்குச் சார்ப்பில் எந்தக் கட்சிக்காரன் நம்பி உட்காருவான்? நாவலுக்கும் ஆதாரத்துக்கும் வித்தியாசம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அவருக்கும் அது தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஒரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு அந்த நேரத்தில் அந்த வித்தியாசம் கைகொடுக்கவில்லை. புதன்கிழமை காலையில் கரட்டைப் பார்த்து, ஒரு மணி நேரத்தில், நாலு பக்கம் எழுதினார். ஆவுடையம்மை சுய சம்மதத்துடன் கைநாட்டு வைத்தாள். அதைக் கொண்டுபோய் வடசேரியில் கொடுத்துவிட்டு வந்தார். பதினோரு பக்கத்தையும் பெட்டியில் முத்திரைத்தாள் கட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை வாசகசாலையில் நிற்க இடமில்லை. கடைசி வரி வாசித்து முடித்ததும் சில பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நீலகண்ட பிள்ளை ஒரு குலை மட்டி வாழைப்பழத்தைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தான். "பாருங்கோ, கதையும் நல்லபடியா முடிஞ்சாச்சு, காரியமும் நல்லபடியா முடியட்டும்" என்றான். பிச்சம்மாள் வெளியே நின்று முழுவதையும் கேட்டாள் என்று பிறகு சொன்னார்கள்.

திங்கள்கிழமை கச்சேரியில் ஆதாரம் தயாராக இருந்தது. பிள்ளை எழுதியதுதான், அடித்தல் திருத்தல் இல்லாமல். கரட்டுக்கு நீலகண்ட பிள்ளையே இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையாட்டியிருந்தான். சாட்சி இரண்டு பேர் கையெழுத்துப் போட வந்து நின்றார்கள். மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். ரிஜிஸ்திரார் நெய்யாற்றங்கரைப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். காய்ச்சல் விட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தார். வழக்கமான கேள்வியைப் பிச்சம்மாளிடம் கேட்டார்.

"முழுக்க வாசிச்சுக் கேட்டோ? சம்மதம் தன்னே?"

"வாசிச்சுக் கேட்டேன்" என்றாள் பிச்சம்மாள். "சம்மதமில்ல."

ரிஜிஸ்திரார் நிமிர்ந்து பார்த்தார். நீலகண்ட பிள்ளை, "அவளுக்குப் புரியல்ல சாரே, ஒருக்கா கூடக் கேளுங்கோ" என்றான். கேட்டார். அவள் அதையே சொன்னாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. சம்மதமில்லை என்றால் அதற்கு மேல் கச்சேரியில் ஒரு வேலையும் இல்லை. ரிஜிஸ்திரார் தாளைத் தள்ளிவைத்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படி இறங்கினாள். வாசலில் நின்ற ஈஸ்வரமூர்த்தி பிள்ளை ஒதுங்கி வழிவிட்டார். அவர் அவளை இதே படியில் இறங்கப் பார்த்திருக்கிறார்.

ஊர் சிரித்தது. பிச்சம்மாளைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து முறைத்தது. சிரித்ததெல்லாம் பிள்ளையைப் பார்த்துத்தான். "நீரு எழுதின பொம்பள கைநாட்டு வச்சா, உள்ள பொம்பள வைக்கல்ல. அப்பம் எது வே கள்ள ஆதாரம்?" என்று வாசகசாலையில் கேட்டார்கள். ஞானசிங் ஆள் அனுப்பினார். முடிவை மாற்றி இன்னோர் அத்தியாயம் எழுதித் தந்தால் போடலாம், சூடாக விற்கும் என்று சொல்லி அனுப்பினார்.

எழுதவே வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்தால் போதும், பதினோரு பக்கம் இருந்தது. பிள்ளை மூன்று நாள் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். இப்போது போட்டால் ஊர் என்ன சொல்லும்? நடந்ததைப் பார்த்து எழுதிவிட்டு முந்தின தேதி போடுகிறான் என்று சொல்லும். செவ்வாய்க்கிழமையே எழுதினேன் என்றால் யார் நம்புவார்கள்? பகவதியம்மாள் நம்புவாள். அவள் சாட்சி செல்லாது, மனைவி. ஞானசிங்குக்கு, முடியாது என்று பதில் சொல்லிவிட்டார்.

ஆனால் ஓர் ஆளுக்கு மட்டும் அதைக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பாக இருந்தது. நான் உன்னை அறியாதவன் இல்லை, நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவள் ஆச்சரியப்படுவாள், கொஞ்சம் சந்தோஷப்படுவாள் என்றுகூட எதிர்பார்த்தார். கும்பப்பூ அறுப்பு தொடங்கிய அன்றைக்குக் காலையில் தாள்களைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு பிச்சம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் அறுப்புக்காரர்களுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் சொல்லி வைத்திருந்ததால் ஊரில் ஆள் கிடைக்காமல், இராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து அவளே போய் ஆள் கூட்டி வந்திருந்தாள்.

"ஒரு காரியம் வாசிச்சுக் காட்டணும்" என்றார். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

நின்றபடியே வாசித்தார். பசித்தது என்ற இடத்திலிருந்து உலை வைத்த இடம் வரைக்கும் எல்லாம் வாசித்தார். அவள் ஒரு சொல் குறுக்கே பேசாமல் கேட்டாள். வாசித்து முடித்துவிட்டு, "இதை நான் செவ்வாய்க்கிழமையே எழுதிட்டேன், பிச்சம்மா. நீ கச்சேரிக்கு வாறதுக்கு ஆறு நாளைக்கு முன்னால. சத்தியமாட்டு" என்றார்.

"நம்புகேன்" என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. "செவ்வாய்க்கிழமையே எழுதினியோ. பின்ன என்னத்துக்கு அண்ணாச்சி மறச்சு வச்சியோ?"

அவர் தாள்களைத் திரும்பவும் துண்டுக்குள் சுருட்டினார்.

"சனியும் ஞாயிறும் ஊரு பூரா என் மொகத்தப் பாத்து, அவ வச்சுட்டா, நீயும் வச்சிரு வச்சிருன்னு சொல்லிச்சு. ஒரு ஆளு, ஒத்த ஆளு, வைக்காண்டாம்னு சொல்லாதான்னு ரெண்டு நாளும் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தேன்." அவள் கஞ்சிப் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "அந்த ஒத்த ஆளு உங்க பெட்டிக்குள்ளயில்லா பூட்டிக் கெடந்திருக்கா."

அறுப்புக்காரர்கள் காத்திருந்தார்கள். அவள் போய்விட்டாள்.